பனிமூட்டத்துல ஒரு கட்டிடம்: எக்ஸ்பெரிமெண்டல் ஸ்டூடியோ ஆரம்பிச்சவங்க எல்லாம் எங்கிருந்து வந்தாங்க?

கன்னங்குறிச்சி_பையன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பி.ஆர்க் நாலாவது வருஷம் படிக்கறேன், வீடு சேலம் கன்னங்குறிச்சி. கூடப் படிக்கற ரெண்டு பேரும் நானும் படிப்பு முடிஞ்சதும் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ ஆரம்பிக்கறதா ஒரு வருஷமா பேசிட்டு இருக்கோம். எலிவேஷன் போட்டுக் குடுத்துட்டு ஸ்கொயர் ஃபீட்டுக்கு இவ்ளோன்னு வாங்கற ஆபீஸ் இல்ல, ஒரு பொருள கையில எடுத்து அதால என்னெல்லாம் முடியும்னு செஞ்சு பாக்கற எடம், வெயில் காத்து ஈரம் இதெல்லாம் வச்சு சோதனை பண்ற எடம். போன வாரம் ரிவ்யூல இத சொன்னோம். வெளிய இருந்து வந்திருந்த ஜூரி ஒருத்தர், "அதெல்லாம் பெரிய பேக்ரவுண்ட் இருக்கறவங்க பண்றது தம்பி, உங்களுக்கு சரிப்படாது"ன்னு சொல்லிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி மூணு பேருமே தூங்கல. எங்கப்பா பஸ் கண்டக்டர். இன்னொருத்தன் ஏற்காடு, அவங்கப்பா எஸ்டேட்ல கூலி வேலை. மூணாவது அம்மாபேட்டைப் பொண்ணு, வீட்ல மூணு தலைமுறையா கைத்தறி. நாங்க கேக்கறது இதுதான், உலகத்துல பேர் வாங்கின அந்த ஸ்டூடியோங்கள ஆரம்பிச்சவங்க நெஜமாவே எங்கிருந்து வந்தாங்க? காசு எங்கிருந்து வந்துச்சு? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ், ஆறுதல் வேண்டாம்.

குகை_வரைபடம்:

தம்பி, பதினஞ்சு வருஷமா சேலத்துல ப்ராக்டிஸ் பண்றேன். நான் நல்லா படிச்ச ஒரு ஸ்டூடியோவப் பத்தி மட்டும் சொல்றேன், நியூயார்க்ல இருக்கற டில்லர் ஸ்கோஃபிடியோ. எலிசபெத் டில்லர் 1954ல போலந்துல வூட்ச்ங்கற ஊர்ல பொறந்தவங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் நாஜிங்க செஞ்ச யூதப் படுகொலைல தப்பிப் பிழைச்சவங்க. சின்னப் பிள்ளையா இருக்கும்போது குடும்பமா அமெரிக்கா வந்துட்டாங்க. கூப்பர் யூனியன்னு ஒரு காலேஜ், 1859ல ஆரம்பிச்சது, அந்தக் காலத்துல சேர்ற எல்லாருக்கும் ஃபீஸே கிடையாது. அங்க போய் மொதல்ல ஆர்ட் பக்கம்தான் சேர்ந்தாங்க, கட்டிடக்கலைக்கு அப்புறம்தான் மாறுனாங்க, 1979ல டிகிரி.

ரிக்கார்டோ ஸ்கோஃபிடியோ 1935ல நியூயார்க்லயே பொறந்தவர், அப்பா ஜாஸ் இசைக்காரர். அதே கூப்பர் யூனியன்ல வாத்தியாரா இருந்தவர், டில்லருக்கே பாடம் எடுத்தவர், அப்புறம் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 2025 மார்ச்ல 89 வயசுல தவறிட்டார், அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல.

அகதியா வந்த குடும்பத்துப் பொண்ணு, வாத்தியம் வாசிக்கறவரோட பையன். உங்க ஜூரி சொன்ன பெரிய பேக்ரவுண்ட் இதுல எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல.

1981ல அவங்க பண்ண ஒரு வேலையப் பாருங்க. கொலம்பஸ் சர்க்கிள்னு நியூயார்க்ல பெரிய ரவுண்டானா. ரோட்டுல வேலை நடந்தா வைப்பாங்களே அந்த ஆரஞ்சு கோன், அதுல 2,500 எடுத்துட்டு வந்து அந்த எடம் பூரா வரிசையா அடுக்கி 24 மணி நேரம் வச்சுட்டு எடுத்துட்டாங்க, அவ்ளோதான் வேலையே. செங்கல் இல்ல, சிமெண்ட் இல்ல. நம்ம 5 ரோட்ல அப்படி ஒரு நாள் வச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க, தெனமும் தாண்டிப் போற எடத்த அன்னிக்குத்தான் மொதல் தடவையா பாப்போம்.

2002ல சுவிட்சர்லாந்து எக்ஸ்போவுக்கு ஒரு ஏரி மேல கட்டிடம் கட்டுனாங்க. அதுக்கு செவுரு மூடுபனி.

நாகலூர்_காப்பி:

//அதுக்கு செவுரு மூடுபனி//

இதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேங்க. ஏற்காட்ல நாகலூர்ல நமக்கு மூணு ஏக்கர் காப்பித் தோட்டம். கார்த்திகை மார்கழின்னா காலைல கதவத் தொறந்தா எதிர்ல இருக்கற சில்வர் ஓக் மரமே தெரியாது, மேகம் வாசல்படி வரைக்கும் எறங்கி வந்து நிக்கும். கீழ இருந்து வர்றவங்க ஃபோட்டோ எடுப்பாங்க. எங்களுக்கு அது கஷ்டம். பழம் பறிச்சு பல்ப் பண்ணி களத்துல காய வச்சிருப்போம், வெயில் வரலைன்னா பார்ச்மெண்ட், அதான் பழத்தோல் எடுத்த கொட்டை, காயாது, பூசணம் புடிச்சா வெலை போயிடும். வீட்டுச் செவுத்துல வடக்குப் பக்கம் கறுப்பா படிஞ்சிருக்கும், வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சாலும் மறுபடி வந்துரும். அம்மாவுக்கு மூச்சு எரைப்பு அந்த மாசத்துலதான் கூடும்.

அதனால கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. பனிய வெரட்டத்தான் நாங்க செவுரு கட்டறோம், அவங்க பனியவே செவுரா எப்படிக் கட்டுனாங்க? காத்து அடிச்சா போயிடாதா?

குகை_வரைபடம்:

தப்பா நினைக்க என்னண்ணா இருக்கு, இதான் சரியான கேள்வி. யிவெர்தோன்னு ஒரு ஊர், நியூஷாடெல் ஏரிக்கரை. தண்ணிக்கு மேல இரும்புக் கம்பியும் கேபிளும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிக்கற மாதிரி ஒரு சட்டம் நிறுத்துனாங்க, ஏறக்குறைய 300 அடி அகலம். அந்தச் சட்டம் முழுக்க 31,500 குட்டி நாசில். ஏரித் தண்ணியையே உறிஞ்சி வடிகட்டி பெரிய அழுத்தத்துல அந்த நாசில் வழியா தள்ளுனா மூடுபனி மாதிரியே வெளிய வரும். காத்து அடிச்சா போகும்தான், அதுக்காகவே காத்தோட வேகம், திசை, வெப்பம், ஈரப்பதம் எல்லாத்தையும் அளந்து எந்தப் பக்கம் எவ்ளோ அழுத்தம் குடுக்கணும்னு கம்ப்யூட்டர் மாத்திக்கிட்டே இருந்துச்சு. அதனால ஒரு நாள் இருந்த உருவத்துல இன்னொரு நாள் இருக்காது. உள்ள போறவங்களுக்கு மழைக்கோட்டு குடுத்தாங்க. உள்ள பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது, வெறும் வெள்ளை, தண்ணி சீறுற சத்தம். எக்ஸ்போ முடிஞ்சதும் பிரிச்சு எடுத்துட்டாங்க.

இந்த மாதிரி பனி உண்டாக்கற வேலைய மொதல்ல கலையா பண்ணிக் காட்டுனது ஃபுஜிகோ நகாயான்னு ஜப்பான் அம்மா, 1970 ஒசாகா எக்ஸ்போவுல. அவங்க அப்பா உகிசிரோ நகாயா, 1936ல லேபுக்குள்ள முதன்முதலா செயற்கையா ஸ்னோ, அதான் உறைஞ்ச பனித்துகள், வளர்த்துக் காட்டுன விஞ்ஞானி. வீட்ல அப்பா பனியப் பத்தியே பேசி வளர்ந்த பொண்ணு பனிய எடுத்துட்டு வந்துட்டாங்க. தம்பி கேட்ட பின்னணிங்கற வார்த்தைக்கு நான் இப்படித்தான் அர்த்தம் எடுத்துக்கறேன்.

மேஸ்திரி_மகன்:

எல்லாம் சரிங்க, ஆனா ஒரு விஷயத்த யாரும் பேசல. எங்கப்பா மேஸ்திரி, நான் இப்ப காண்ட்ராக்ட் எடுக்கறேன், சூரமங்கலம் பக்கம். ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் புதுசா பண்றேன்னு சென்ட்ரிங் இல்லாம ஒரு வளைவுக் கூரை வரைஞ்சு குடுத்தார், அதக் கட்டிப் பழகுன ஆளும் இல்ல, ஒரு எடத்துல கட்டிப் பாக்கவும் இல்ல, நேரா வீட்டு மேலயே ஏத்தியாச்சு. மொத மழைக்கே ஒழுகுச்சு. அந்த வீட்டுக்காரர் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த காச எடுத்துக் கட்டுனவர். அவர் என்னத்தான் வந்து கேட்டார், டிராயிங் போட்டவர் ஃபோன் எடுக்கல. நான்தான் என் செலவுல மேல இன்னொரு பூச்சு போட்டுக் குடுத்தேன்.

சோதனை பண்ணுங்க தம்பி, வேண்டாங்கல. அடுத்தவன் வாழ்நாள் சேமிப்புல பண்ணாதீங்க.

அஸ்தம்பட்டி_அக்கா:

மேஸ்திரி_மகன் சொன்னதுக்கு அப்படியே உடன்படறேன், அதையே அந்த ஸ்டூடியோ கதைல இருந்தும் சொல்ல முடியும். நான் காலேஜ்ல கிளாஸ் எடுக்கறேன், பாதி நாள் ப்ராக்டிஸ்.

டில்லரும் ஸ்கோஃபிடியோவும் கோன் வச்சது 1981ல. அவங்களோட மொத பெரிய அமெரிக்கக் கட்டிடம், பாஸ்டன்ல ஒரு ஆர்ட் மியூசியம், 2006ல தான் தொறந்துச்சு. நடுவுல 25 வருஷம். 2000ல ஜப்பான்ல கிதகதாங்கற ஊர்ல ஒரு குடியிருப்பு கட்டுனாங்க, அதுக்கு முன்ன பெருசா எதுவும் நிக்கல. கடற்கரைல ஒரு வீடு, ஜன்னல் வழியா கடலப் பாக்கறதுக்குன்னே வளைஞ்சு போற மாதிரி டிசைன், அவார்டு கூட வாங்குச்சு, அஸ்திவாரம் போட்டதோட நின்னு போச்சு. மீதி எல்லாம் கண்காட்சி, நாடக மேடை, வீடியோ.

அந்த 25 வருஷம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்கன்னா, பாடம் சொல்லிக் குடுத்தாங்க. அவர் கூப்பர் யூனியன்ல, அவங்க 1981ல இருந்து அங்கயும் 1990ல இருந்து பிரின்ஸ்டன்லயும். மாசச் சம்பளம் வந்ததாலதான் கிளையண்ட் காச வச்சு சோதனை பண்ண வேண்டிய அவசியம் வரல, ஒழுகுனாலும் ஒரு கேலரிக்குள்ளதான் ஒழுகும். 1999ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப்னு அமெரிக்கால ஒரு பெரிய உதவித்தொகை கெடச்சுச்சு, கட்டிடக்கலைக்கு அது குடுத்தது அதான் மொதல் தடவை. அப்ப ஸ்கோஃபிடியோவுக்கு வயசு 64, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

தம்பி கேட்ட காசு கேள்விக்கு நேரான பதில் இதான். ஃபீஸ் இல்லாத காலேஜ், அப்புறம் வாத்தியார் சம்பளம். ரெண்டுமே பரம்பரைச் சொத்து இல்ல, ஆனா ரெண்டும் இல்லாம அந்த ஸ்டூடியோ நின்னிருக்காது. சும்மா திறமை இருந்தா போதும்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, நல்ல குடும்பப் பின்னணி இருந்தவங்களும் உண்டு, அத மறைக்க வேண்டாம். ஓ.எம்.ஏன்னு பேர் போன ஸ்டூடியோ ஆரம்பிச்ச ரெம் கூல்ஹாஸுக்கு தாத்தா ஆர்க்கிடெக்ட், அப்பா எழுத்தாளர். ஆனா அவர் மொதல்ல பத்திரிகைல நிருபர், சினிமாவுக்குத் திரைக்கதை எழுதினவர். 1975ல அத ஆரம்பிச்சது நாலு பேர், அதுல ரெண்டு பேர் ஓவியம் வரையறவங்க, மடலோன் வ்ரீசெண்டோர்ப், ஸோயி ஸெங்கெலிஸ். ரெண்டும் பெண்கள். இன்னிக்கு உங்க கிளாஸ்ல எத்தன பேருக்கு அந்த ரெண்டு பேர் தெரியும்னு கேட்டுப் பாருங்க.

வெள்ளக்கல்:

தம்பி, நான் மாக்னசைட் சுரங்கத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். நீங்க எல்லாரும் நியூயார்க், சுவிட்சர்லாந்துன்னு பேசறீங்க, சந்தோஷம். ஆனா காலுக்குக் கீழ என்ன இருக்குன்னும் பாருங்க. ஜங்ஷன் தாண்டி ஓமலூர் பக்கம் போனா வெள்ளையா தெரியுதே, அதான் வெள்ளக்கல்லு. சுட்டு எடுத்தா உலைக்குள்ள வைக்கற செங்கல்லுக்குப் போகும். அதையே இன்னும் கம்மியான சூட்டுல சுட்டா வர்ற மக்னீசியாவ மக்னீசியம் குளோரைடு கரைசலோட கலந்தா ஒரு வகை சிமெண்ட் கெடைக்கும், 1867ல சொரெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபுடிச்சது. நல்லா இறுகும், வழுவழுன்னு வரும், மரத்தூளக் கூட புடிச்சுக்கும். ஆனா தண்ணி தாங்காது, இரும்பு அரிக்கும். அதனால வெளிச்செவுத்துக்கு ஆகாது, கம்பி வச்சுக் கட்டவும் ஆகாது. உள்ள தரை, பலகை மாதிரிப் போடலாம். ஜவ்வரிசி மில்லுல மிஞ்சற திப்பிய அதோட கலந்து பலகை ஊத்திப் பாருங்களேன். வருமான்னு எனக்கு ரொம்ப வருஷமா ஆசை, பாக்கறதுக்கு எடமும் ஆளும் அமையல.

சேர்வராயன் மலை கல்லு வேற, அது சார்னோக்கைட், கல்கத்தால இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லுல இருந்து பேர் வந்தது. உளி தேயும், அந்தக் கல்லு தேயாது.

மேஸ்திரி_மகன்:

ஐயா, பலகை ஊத்தறதுக்கு அச்சு நான் தர்றேன், என் ஷெட்டுல எடம் இருக்கு. இது யார் வீட்டையும் கெடுக்காத சோதனை, இதுக்கு நான் வர்றேன்.

குகை_வரைபடம்:

மேஸ்திரி, நீங்க சொன்னதுக்காகவே இன்னொரு ஸ்டூடியோ. சீனால ஹாங்ஸோ ஊர்ல 1997ல வாங் ஷூவும் அவர் மனைவி லூ வென்யூவும் ஆரம்பிச்சாங்க, பேரே அமெச்சூர் ஆர்க்கிடெக்சர் ஸ்டூடியோ. அதுக்கு முன்னாடி பல வருஷம் வாங் ஷூ டிராயிங் போர்டுல உக்காரல, பழைய கட்டிடம் ரிப்பேர் பண்ற சைட்டுல கொத்தனாருங்களோட இருந்து வேலை கத்துக்கிட்டார். நிங்போ மியூசியம்னு ஒண்ணு, 2008ல முடிஞ்சது, சுத்துப்பட்டுல இடிச்ச கிராமத்து வீடுங்களோட ஓடு, செங்கல் எல்லாத்தையும் பொறுக்கி அந்தச் செவுத்துல அடுக்கியிருக்காங்க. புயல்ல வீடு இடிஞ்சா இருக்கறத வச்சு அவசரமா செவுரு எழுப்பற முறை அந்தப் பக்கத்துக் கொத்தனாருங்க கிட்ட முன்னாடியே இருந்துச்சு, அவங்ககிட்ட இருந்து வந்ததுதான் அது. செவ்வாப்பேட்டைல ஒரு வீடு இடிக்கும்போது நாட்டு ஓடு லாரில போறதப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தச் செவுரு ஞாபகம் வரும்.

அஸ்தம்பட்டி_அக்கா:

2012ல குடுத்த ப்ரிட்ஸ்கர் பரிசு, கட்டிடக்கலைல பெரிய பரிசு அது, வாங் ஷூவுக்கு மட்டும்தான். லூ வென்யூ பேர் அதுல இல்ல. 1991லயும் இதேதான், ராபர்ட் வெஞ்சூரிங்கற அமெரிக்க ஆர்க்கிடெக்டுக்குக் குடுத்தாங்க, கூடவே வேலை செஞ்ச டெனிஸ் ஸ்காட் பிரவுனுக்கு இல்ல. 2013ல மாணவிங்க மனு போட்டுக் கேட்டும் மாத்த முடியாதுன்னுட்டாங்க.

அதனால அம்மாபேட்டைப் பொண்ணுக்கு நேரா சொல்றேன். ஸ்டூடியோ பேர்ல, டிராயிங் ஷீட்டுல, பார்ட்னர்ஷிப் பத்திரத்துல மூணு பேர் பேரும் இருக்கணும், யார் என்ன செஞ்சாங்கன்னு அன்னன்னிக்கே எழுதி வைங்க. 1932 சட்டப்படி பார்ட்னர்ஷிப் பதிவு பண்ணலாம், எல்.எல்.பி, அதான் கடன் பொறுப்புக்கு வரம்பு இருக்கற பார்ட்னர்ஷிப், வேணும்னாலும் 2008 சட்டம் இருக்கு, நல்ல ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசுங்க. நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் ஒரு காலத்துல வாய்வார்த்தைல ஆரம்பிச்சோம். மூணு வருஷம் கழிச்சு நான் பிரசவத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தப்ப நான் வரைஞ்ச ஒரு ஸ்கூல் வேற ரெண்டு பேர் பேர்ல பத்திரிகைல வந்திருந்துச்சு. இன்னிக்கும் அந்த ரோட்ல போனா நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

பாவு_ஊடை:

வணக்கம். நான்தான் அந்த அம்மாபேட்டைப் பொண்ணு. நேத்து ராத்திரியே எல்லாத்தையும் படிச்சேன், பதில் எழுத இப்பத்தான் முடிஞ்சது.

அக்கா, நீங்க எழுதுனத அப்படியே நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

நான் ஒண்ணு சொல்லணும். காலேஜ் சேர்ந்ததுல இருந்து எங்க வீட்ட யாருக்கும் காட்டுனதில்ல. எங்க வீட்ல முன் அறைன்னு ஒண்ணு கெடையாது, உள்ள வந்தா நேரா தறிதான். தரைல குழி வெட்டி அதுல காலத் தொங்கப் போட்டு உக்காந்துதான் அப்பா நெய்யறார். அந்தக் குழி சும்மா உக்கார்றதுக்கு மட்டும் இல்ல, மண்ணோட ஈரம் பாவுக்கு, அதான் தறில நீளவாக்குல ஓடற நூலுக்கு, ஏறும், இழை அறுந்து போகாது. சித்திரை வெயில்ல ஜன்னல் ஓரம் ஈரச் சாக்கு கட்டுவாங்க, அதுவும் அதுக்குத்தான். மெத்தை வீடு கட்டி சிமெண்ட் தரை போட்டு தறிய மேல ஏத்துன சொந்தக்காரங்க வீட்ல இழை அறுந்துட்டே இருக்கும், அத நான் சின்ன வயசுல இருந்து பாக்கறேன். வீட்டோட நீளம், கூரை உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம் வரணும், எல்லாத்தையும் தறிதான் முடிவு பண்ணியிருக்கு. தெருவுல பாவு ஓட்டறப்ப தெருவே எங்களுக்கு ஒரு ரூம் ஆயிடும். ஈரத்த அளந்து கட்டுன வீட்டுலதான் இருபத்தொரு வருஷமா தூங்கறேன், ஆனா கிளாஸ்ல கிளைமேட் பத்தி அசைன்மெண்ட் குடுத்தா வேற ஏதோ ஊர எடுத்து எழுதுனேன்.

ஜூரி அன்னிக்கு பேக்ரவுண்ட்னு சொன்னப்ப எனக்கு மொதல்ல வந்தது வெக்கம். இங்க அந்த ஜப்பான் அம்மாவோட அப்பாவப் பத்திப் படிச்சப்பத்தான் அழுதேன்.

நாளைக்கு ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன், தறிய மில்லிமீட்டர் விடாம அளந்து வரையப் போறோம். அப்பா ஒத்துக்கிட்டார், "குழிக்குள்ள எறங்கணும்னா கால் கழுவிட்டு எறங்கச் சொல்லு"ன்னார்.

நாகலூர்_காப்பி:

கண்ணு, நல்லா இரு.

அஸ்தம்பட்டி_அக்கா:

அளக்கும்போது ஈரப்பதமும் சேர்த்து அளங்க, ஈரம் அளக்கற மீட்டர் குழிக்குள்ள ஒண்ணு, ஆள் நிக்கற உயரத்துல ஒண்ணு, காலைல மத்தியானம் சாயங்காலம். மீட்டர் நான் தர்றேன். தோராயமா எழுதாதீங்க. அப்புறம் ஒரு தடவை ஆரோவில் போய் அனுபமா குண்டூங்கற ஆர்க்கிடெக்டோட வால் ஹவுஸ் பத்திக் கேட்டுட்டு வாங்க. 2000ல முடிஞ்ச வீடு, நம்ம ஊரு அச்சுக்கல்லு, மண்ணுல செஞ்ச குழல அடுக்கிக் கூரை. 2012ல வெனிஸ் கண்காட்சில அதே வீட்ட அதே அளவுல திரும்பக் கட்டுனாங்க, இங்கிருந்து கொத்தனாருங்களும் போய் அங்க இருக்கற மாணவர்களோட சேர்ந்து.

கன்னங்குறிச்சி_பையன்:

எல்லாருக்கும் நன்றிங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் எழுதறேன். நேத்து அம்மாபேட்டை போனோம், குழிக்குள்ள எறங்குனதும் காலுக்கு ஜில்லுன்னு இருந்துச்சு, வெளிய அந்த வெயில். நாலு ஷீட் வரைஞ்சாச்சு.

நாகலூர் அண்ணா, உங்ககிட்ட ஒரு அனுமதி கேக்கணும். நீங்க பனிய வெரட்டத்தான் செவுரு கட்டறோம்னு எழுதுனதுல இருந்து எங்க ஏற்காடு ஃப்ரெண்டுக்கு ஒரு யோசனை. செயற்கையா பனி உண்டாக்கத்தான் அங்க 31,500 நாசிலும் பம்பும் வேணும், உங்களுக்கு அது சும்மா வருது. வீட்டுக்கு வடக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி வலைய நிறுத்தி செவுத்துல படறதுக்கு முன்னாடியே அந்த ஈரத்தப் புடிக்க முடியுமான்னு பாக்கணும். சிலி நாட்டுல சுங்குங்கோன்னு ஒரு மீனவ கிராமத்துக்கு 1990கள்ல மலை உச்சில வலை கட்டி பனில இருந்து குடிக்கத் தண்ணி எறக்கியிருக்காங்க. அங்க கட்டுன வலையும் நம்ம நர்சரில நாத்துக்குக் கட்டற நிழல்வலையும் ஒரே ரகப் பின்னல்தான். பனித்துளி தானா விழாது, காத்து தள்ளிட்டு வரும்போது நூல்ல மோதி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கனமானாத்தான் வழியும். கண்ணி நெருக்கமா இருந்தா காத்து வலைய சுத்திப் போயிடும், அகலமா இருந்தா துளி உள்ள பூந்து போயிடும். எந்தக் கண்ணி சரின்னு தறி வீட்டுப் பொண்ணுதான் கண்டுபுடிக்கப் போறா, அவங்கப்பா பருத்தி நூல், பாலியஸ்டர் நூல் ரெண்டுலயும் நாலு நாலு அளவுல நெய்து தர்றேன்னு சொல்லிட்டார். உங்க செவுரு காயுமான்னு இப்ப சத்தியமா சொல்ல முடியாது, எறங்குற தண்ணிய தெனமும் அளந்து எழுதுவோம். செலவு எங்களோடது, செடிக்கு எந்தத் தொந்தரவும் வராது. பழம் பறிக்கற நேரம்னு தெரியும், உங்களுக்கு எந்த நாள் தோதுப்படுமோ சொல்லுங்க.

நாகலூர்_காப்பி:

தாராளமா வாங்க தம்பி. மேல் தோட்டத்துல கெழக்க பாத்த மாதிரி ஒரு மேடு இருக்கு, காத்து அங்கதான் மொதல்ல ஏறும், கம்பம் நட சில்வர் ஓக் கட்டை நாலு நான் வெட்டி வைக்கறேன், வீட்டு வடக்குப் பக்கமும் ரெண்டு நட்டுருவோம். சனிக்கிழமை ராத்திரியே மேல வந்து தங்கிடுங்க, பஸ்ஸ நம்பி ஞாயித்துக்கிழமை கெளம்புனா கொண்டை ஊசி ஏறி வர்றதுக்குள்ள வெயில் வந்துரும். ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, அந்தப் பொண்ணோட அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, அவர் கையாலயே வலையக் கட்டட்டும். காலைல அஞ்சு மணிக்கு மேடு கண்ணுக்குத் தெரியாது, ஆளுக்கு ஒரு டார்ச் வேணும்.